ரேடியோவில் வரும் வீட்டுக்காரம்மா

"ஏனுங்க்கா, விசேஷமுங்களா?"

பக்கத்து வீட்டு கீதா மதில் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டபோது கோமளாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றைக்குப் பார்த்து விடிகாலையிலேயே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடத்துக்கும் தொட்டிக்குமாக நடந்து இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். ரேடியோவைப் போடக்கூட நேரமில்லை.

"என்ன விசேஷம்? தண்ணி வந்ததச் சொல்றியா?"

"போங்க்கா, என்ர கிட்டயே மறைக்கறீங்க பாத்தீங்களா. அண்ணந்தான் காலைல ரேடியோவுல சொல்லிப்போட்டாருல்ல. பச்ச மாங்கா வேணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்களாமா. காப்பி வாசம் பட்டாவே ஓங்கரிக்கறீங்களாமா." கீதா குரலைத் தாழ்த்தினாள். "வயசு போயிருச்சுன்னு வெக்கப்படாதீங்க்கா. எங்க பெரியம்மாளுக்குப் பேரன் பொறந்த வருசந்தான் கடைசிப் பையனும் பொறந்தான்."

கோமளாவுக்கு நாற்பத்தெட்டு நடக்கிறது. பச்சை மாங்காய் என்று சொன்னாலே பல் கூசும். காப்பியோ இரண்டு டம்ளர் உள்ளே போனால்தான் அவளுக்குக் கண்ணே திறக்கும். கீதாவிடம் எதையோ சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மாங்காய் கேட்டது நான் இல்லை. ஓங்கரித்ததும் நான் இல்லை. அப்படியானால் எவள்?

அவள் புருஷனைச் சீனிவாசலு என்று சொன்னால் பீளமேட்டில் நாலு பேருக்குத் தெரிந்தால் அதிகம். 'சீனு அண்ணன்' என்றால் சென்னிமலையில் தறி ஓட்டுகிறவருக்கும் தெரியும், வெள்ளகோவிலில் எண்ணெய்க் கடை வைத்திருப்பவருக்கும் தெரியும். வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்ட தொண்ணூறுகளிலும், காலை ஆறே முக்காலுக்கு அவருடைய 'விடிஞ்சிருச்சுங்க' நிகழ்ச்சியைக் கேட்டால்தான் இட்லி வேகும் என்று சொல்கிற பெண்கள் இருந்தார்கள். வெங்காய விலை, டவுன் பஸ் நெரிசல், மாப்பிள்ளை முறுக்கு என்று எதையாவது தொட்டு ஆரம்பிப்பார். எங்கே சுற்றினாலும் கடைசியில் 'எங்க வீட்டுக்காரம்மா'விடம் வந்து நிற்பார். ஊர் சிரிப்பது அதற்குத்தான்.

கேட்கிறவர்களுக்கு என்ன! வீட்டில் அந்த மனுஷனுக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும். காலையில் ஒரு மாவட்டத்துக்கே பேசித் தீர்த்துவிட்டு வருகிறவருக்கு, பெண்டாட்டிக்கென்று பேச்சு மிச்சமிருக்காது. கல்யாணமான புதிதில் கோமளா இதைச் சொல்லி அழுதிருக்கிறாள். பிறகு, ரேடியோவைக் கேட்டே புருஷன் மனசைத் தெரிந்துகொள்ளப் பழகிவிட்டாள். உப்பு கூடிப்போனதா, புதுப் புடவை பிடித்ததா, எல்லாம் மறுநாள் காலை ஆறே முக்காலுக்குத்தான் தெரியவரும்.

அதனால்தான் அந்த வித்தியாசம் அவள் காதில் மட்டும் பட்டது. கொஞ்ச காலமாகவே ரேடியோவில் வரும் வீட்டுக்காரம்மா பாதி அவளாக இருந்தாள், பாதி வேறு யாராகவோ இருந்தாள். பால்காரரிடம் லிட்டர் அளவைப் பற்றிச் சண்டை போட்டது கோமளாதான். படிக்கிற கண்ணாடி வாங்கி வந்து, போட்டால் கிழவியாகத் தெரிகிறேன் என்று பீரோவில் வைத்துப் பூட்டியதும் அவள்தான். ஆனால் தை மாதத்தில் ஒரு நாள் அவர் இப்படிச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரம்மா நேத்து சந்தகை புழியறேன்னு ஆரம்பிச்சாங்க. கட்டையப் புடிச்சுத் தொங்கறாங்க, தொங்கறாங்க, ஒரு இழைகூட வர மாட்டேங்குதுங்க. கடைசில கட்டைய விட்டுக் கை வழுக்கி, தடால்னு சத்தம்! ஓடிப் போயிப் பாத்தா, மாவு மேல அவிங்க உக்காந்திருக்கறாங்க."

சிரிக்க வாயைத் திறந்த கோமளா பாதியில் மூடிக்கொண்டாள். இவர்கள் நாயுடு வீட்டார். வீட்டில் பேசுவது தெலுங்கு. அதிலும் ஆந்திராக்காரர் கேட்டால் இது என்ன பாஷை என்று கேட்கிற அளவுக்குக் கொங்குத் தமிழ் கலந்த தெலுங்கு. சந்தகை என்கிற கொங்கு நாட்டு இடியாப்பம், கவுண்டர் வீட்டு விருந்துகளில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டதோடு சரி. அதைப் பிழிகிற மரக்கட்டையே இந்த வீட்டில் கிடையாது. அன்றைக்கு அவள், சிரிப்பு மூட்டுவதற்காகச் சேர்த்துச் சொல்கிறார் என்று விட்டுவிட்டாள். இன்றைக்கு மாங்காய் வந்து பழையதையெல்லாம் கிளறிவிட்டது.

சந்தேகம் ஈசல் மாதிரி. ஒன்று வந்தால் பின்னாலேயே கூட்டம் வரும். வாரத்தில் இரண்டு நாள் அவர் காலைச் சாப்பாடு வேண்டாம் என்கிறார், ஏன்? மார்க்கெட்டில் வாங்கினேன் என்று கொண்டு வருகிற கீரை வாழை நாரில் கட்டியிருக்கிறது. மார்க்கெட்டுக்காரர் எவர் வாழை நாரில் கட்டுகிறார்? அவர்கள் சணல் கயிறு, இல்லாவிட்டால் வெறும் கை. வேட்டிக் கரையில் போன வாரம் ஒட்டிக்கொண்டு வந்தது சோளத்தட்டுச் செத்தை. ரேடியோ நிலையத்தில் மாடு கட்டியிருக்கிறார்களா என்ன?

அன்றைக்கு அவர் வந்ததும் தட்டைப் போட்டாள்.

"பசிக்கலையே," என்றார் சீனிவாசலு.

"எங்க சாப்பிட்டீங்க?"

"கேண்டீன்ல."

"என்ன போட்டாங்க?"

அவர் ஒரு கணம் விழித்தார். "உப்புமா."

உப்புமா என்றால் அந்த மனுஷன் பட்டினி கிடப்பாரே தவிரத் தொடமாட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாத மனுஷன், ரேடியோவில் மட்டும் எப்படித்தான் அவ்வளவு சரளமாகக் கதை விடுகிறாரோ! கோமளா தட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் உள்ளே போனாள். கேட்டுவிடலாம். கேட்டால் பொய் சொல்வார், பொய்யை நம்பவேண்டி வரும். அதற்குப் பதில் கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தாள்.

ஆனாலும் அவளுக்கு ஒரு பிடி இருந்தது. அவர் விடியற்காலை கிளம்புகிறார், ஆறே முக்காலுக்கு அவர் குரல் வருகிறது. குரல் வருகிற நேரத்தில் மனுஷன் மைக்குக்கு முன்னால்தானே இருக்கவேண்டும்? இத்தனை வருஷமாக எந்தப் பெண்டாட்டிக்கும் கிடைக்காத சாட்சி அது. மற்றவர்கள் புருஷன் எங்கே போனானோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவளுடைய புருஷன் எங்கே இருக்கிறார் என்பதற்கு அந்தப் பெட்டியே ஜவாப்தாரி.

அந்தப் பிடியையும் கீதாவின் வீட்டுக்காரர் தம்பிதுரை வந்து உருவிவிட்டார். தேங்காய் வியாபாரி. செவ்வாய்க்கிழமை காலையில் லோடு எடுத்துக்கொண்டு வந்தவர், வாசலில் நின்ற கோமளாவிடம் சும்மா போகிறபோக்கில் சொன்னார்: "அண்ணன அன்னூர்ல பாத்தேனுங்க. கையில பெரிய பையி. கூப்புட்டேன், காதுல விழுகல போல."

"எப்ப?"

"இப்பத்தான், ஏழு மணிக்கு முன்னால இருக்குமுங்க."

"அந்நேரம் அவரு ரேடியோவுல பேசிட்டிருந்தாரே!"

"அட ஆமாங்!" தம்பிதுரை தலையைச் சொறிந்தார். "டீக்கடையில அவரு பேச்சுத்தான் ஓடிட்டிருந்துச்சு. அப்ப நான் பாத்தது வேற யாராச்சுமா இருக்குமுங்."

வேறு யாராவதாக இருக்கும் என்று நம்ப கோமளாவுக்கும் ஆசைதான். உள்ளே போய் நிலையத்துக்குப் போன் போட்டாள். எடுத்த பையன் மரியாதையான பையன். "சார் செவ்வாயும் வெள்ளியும் காலைல வர மாட்டாருங்கம்மா. முந்தின நாளே டேப்புல பேசிக் குடுத்துட்டுப் போயிருவாரு. ஒரு வருசத்துக்கு மேல அப்பிடித்தானுங்களே," என்றான்.

போனை வைத்தாள். இத்தனை நாளும் அவள் காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு டேப்பைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். சாட்சி சொன்ன பெட்டியே பொய்ச்சாட்சி. ஒரு வருஷம்! அன்னூரில் ஒரு வீடு, அந்த வீட்டில் சந்தகை பிழிகிற ஒருத்தி, அவள் வயிற்றில் இப்போது ஒன்று. கவுண்டர் வீட்டுப் பெண். சின்ன வயசாகத்தான் இருப்பாள்.

இந்த இடத்தில் கதை கேட்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். வந்தால் அது கோமளாவின் சந்தேகத்தைவிட நியாயமானது. அவளுக்கு ஒரே மகள். சுகுணா என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிருபாசங்கர் என்ற கவுண்டர் வீட்டுப் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்பது வரை கோமளா கேட்டாள். அதற்கு மேல், சொந்த ஊர் எது என்பதைக்கூட, காதில் வாங்கவில்லை. "அவ பேரு இந்த ஊட்டுல கேக்கக்கூடாது. நீங்க சொன்னாலும் சரி, நான் இந்தப் படி எறங்கிருவேன்," என்றாள் புருஷனிடம். அவர் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தப் பெயர் கேட்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பேயைத் தேடுகிறவளுக்குப் பெற்ற மகள் ஞாபகத்துக்கு வருவாளா?

அந்த மூன்று நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் புரண்டு படுத்தால் முழித்துக்கொண்டாள். சட்டையை மோந்து பார்த்தாள்; வியர்வையும் விபூதியும்தான் மணத்தது. அதிலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. எவ்வளவு ஜாக்கிரதையான ஆள்!

வெள்ளிக்கிழமை அவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு தெருமுனை திரும்பியதும் கோமளா வீட்டைப் பூட்டினாள். காந்திபுரத்தில் அன்னூர் பஸ் ஏறினாள். நல்ல புடவைதான் கட்டியிருந்தாள். சண்டைக்குப் போனாலும் ரேடியோக்காரர் வீட்டம்மா என்று பார்த்தால் தெரியவேண்டுமல்லவா? சரவணம்பட்டி தாண்டும் வரை என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்தாள். கோவில்பாளையம் வரும்போது அழுகை முட்டியது. இருபத்தாறு வருஷம் ஆக்கிப் போட்ட கைக்கு இதுவா? அன்னூரில் இறங்கியபோது அழுகை வற்றி, வெறும் வைராக்கியம் மட்டும் மிஞ்சியிருந்தது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் விசாரித்தாள். "ரேடியோவுல பேசறவரு இங்க யாரு ஊட்டுக்கோ வருவாராமே?"

"சீனு அண்ணனுங்களா?" கடைக்காரருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "இப்பத்தானுங்க வண்டிய நிறுத்திப்போட்டு காய் வாங்கப் போனாரு. இந்த வீதில நேராப் போனீங்கன்னா கோழிப்பண்ண, அதுக்கு அடுத்த ஓட்டு ஊடுங்க. அந்த அம்மணி முழுகாம இருக்குதுங்கல்ல, வாரம் தவறாம பண்டம் வாங்கிட்டுத்தான் வருவாரு. தங்கமான மனுசனுங்க."

தங்கம்! கோமளா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

ஓட்டு வீடு. வாசலில் சாணி தெளித்துப் பளிச்சென்று கோலம் போட்டிருந்தது. ஓரமாக ஒரு எருமை சோளத்தட்டை மென்றுகொண்டிருந்தது. செத்தை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துபோனது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ரேடியோ ஓடியது. ஒட்டுக்கேட்கிற பழக்கம் கோமளாவுக்கு இல்லை. ஆனால் புருஷன் குரலைக் கேட்டால் நின்றுவிடுகிற பழக்கம் இருந்தது. நின்றாள்.

"...சிரிக்க வெக்கறதுதான் நம்ம வேலைங்க. ஆனா இன்னிக்கி எனக்கே சிரிப்பு வரலீங்க. எங்க வீட்டுக்காரம்மா ரெண்டு மூணு நாளா சரியாச் சாப்பிடறதில்ல. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கறாங்க. காப்பியப் போட்டு வெச்சா, ஆறிப்போயி ஆடை கட்டிக் கெடக்குது. என்னன்னு கேட்டா ஒன்னுமில்லீங்கறாங்க. ஏனுங்க, ஒன்னுமில்லன்னா ஒன்னுமே இல்லீன்னா அர்த்தம்? உங்க ஊட்லயும் இப்பிடித்தானுங்களா?"

கவனித்திருக்கிறார்! வீட்டில் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார். ஆனால் இதை எதற்கு இந்த வீட்டில் போட்டுக் கேட்கிறார்கள்? அவள் வேதனையைக் கேட்டு இங்கே எவள் சந்தோஷப்படுகிறாள்?

உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல் பதறியது. "அத்தே, இங்க வாங்களேன். எங்கம்மாளுக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. சாப்பிடறதில்லையாமா. தூங்கறதில்லையாமா. சக்கரை கிக்கரை வந்திருக்குமுங்களா? எங்கப்பா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறாரா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறாரே!"

அந்தக் குரலை எங்கே கேட்டாலும் கோமளாவுக்குத் தெரியும். பிறந்த அன்று கேட்ட குரல். எருமை கட்டியிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மாங்காய் கேட்டவள் இவள். ஓங்கரித்தவள் இவள். சந்தகைக் கட்டையில் தொங்கி, மாவு மேல் விழுந்தவளும் இவள்தான். ஒரு வருஷமாகத் தினம் காலையில் மகளுடைய சேதி அவள் சமையலறைக்கே வந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள், சந்தேகப்பட்டாள், வயிறெரிந்தாள். என்னவென்று மட்டும் தெரிந்துகொள்ளவில்லை.

பின்பக்கமிருந்து பால் சொம்போடு வந்த ஒரு அம்மாள், வாசலில் நிற்கிறவளை மேலும் கீழும் பார்த்தார். சுகுணாவின் மாமியார் ராசாத்தாள். கோமளாவைப் போட்டோவில்கூடப் பார்த்திராத அவருக்கு அடையாளம் தெரிய வழியில்லை. ஆனால் மகளின் மூக்கும் தாடையும் அம்மாவிடம் அப்படியே இருந்தன.

"வாங்க சம்மந்தி," என்றார் ராசாத்தாள், தினம் வருகிறவளைக் கூப்பிடுகிற மாதிரி. "ஏன் வெளியவே நின்னுபோட்டீங்க? உள்ளாற வாங்க."

சம்மந்தி என்று கோமளாவை வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் கூப்பிட்டார்.

"அவரு மேல கோவிச்சுக்காதீங்க," ராசாத்தாளே பேசினார். "அவரு என்ன பண்ணுவாரு, பாவம். அங்க இவ பேர எடுக்கக்கூடாதுன்னு நீங்க சொல்லிப்போட்டீங்களாமா. இவளும், அவரு மொத மொதல்ல இங்க வந்த அன்னிக்கே, எங்கம்மா பேச்ச எடுத்தா வராதீங்கப்பான்னு சொல்லிப்போட்டா. ரெண்டு பக்கமும் வாயக் கட்டிப்போட்டா மனுசன் எங்க போயித்தான் பேசுவாரு? ரேடியோவுல பேசுனாரு. இவ ஒரு நாள் உடாமக் கேப்பா. அப்பறம் ஒன்னுமே கேக்காதவளாட்ட மூஞ்சிய வெச்சுக்குவா. பேரக் கொழந்தை வரப்போகுதுன்ன ஒடனே அவருக்கு வாய் நிக்கல. மாங்காய் சேதியச் சொல்லிப்போட்டாரு. சம்மந்தி காதுல வேற மாதிரி விழுந்துரப் போகுதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

பேச்சுச் சத்தம் கேட்டுச் சுகுணா வாசலுக்கு வந்தாள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. முகம் இளைத்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் நிலைக் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று சொல்லியிருந்தால் அதோடு எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் கோமளா மூன்று நாளாகப் படுக்கையிலும் இன்றைக்குப் பஸ்ஸிலும் ஒத்திகை பார்த்தது வேறு. அதுதான் வாயில் வந்தது.

"உங்கப்பா இங்க எவளையோ வெச்சிருக்கறாருன்னு நெனச்சேன். புடிக்கலாம்னு வந்தேன்."

ராசாத்தாளின் கையில் பால் சொம்பு ஆடியது. முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது. "அட சாமி! அவரயா! இவரு மொகத்துக்கா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சுகுணா உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள். சரியாக அந்த நேரத்தில்தான் சீனிவாசலு காய்ப் பையோடு படல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். உள்ளே ரேடியோவில் அவர் குரல் நேயர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. வாசலில் அவருக்கு நாக்கு எழவில்லை. பையிலிருந்து ஒரு முருங்கைக்காய் சரிந்து விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கவும் தோன்றாமல் நின்றார்.

சுகுணாவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"அப்ப என்னப் பாக்க வரலையாம்மா நீ?"

கோமளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு உண்மையைத் தவிர வேறு எதைச் சொன்னாலும் இந்தப் பெண் கதவைச் சாத்திவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அவளே பெற்ற பிடிவாதம் அல்லவா?

"இல்ல கண்ணு," என்றாள். "உன்னப் பாக்க வர்றதுக்கு எனக்குத் தைரியம் இல்ல. சண்டை போட வர்றதுக்குத்தான் இருந்துச்சு."

சுகுணா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிலையிலிருந்து கையை எடுத்து, ஒதுங்கி வழிவிட்டாள்.